ஆபீஸ் மெயில் வெள்ளத்துக்கு மடை கட்டலாமா? - இன்பாக்ஸை அடக்கும் 6 ரூல்ஸ்!

போனில் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது மக்கா... மெயில் வந்து விழுகிற இடத்திலேயே அதைப் பிரிச்சு விடணும்!

நாகர்கோவிலில் காலை ரயில் ஏறி, திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வண்டி இரணியலைத் தாண்டுவதற்குள் பாதிப் பேரின் கட்டைவிரல் மெயில் ஆப்பில் இருக்கும். குழித்துறை, பாறசாலை என ஸ்டேஷன்கள் நகர நகர, ஸ்கிரீனும் மேலே மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆபீஸுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே பாதி எனர்ஜி காலி!

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களின் கதை வேறு மாதிரி. அமெரிக்க கிளையன்ட், ராத்திரி ஷிஃப்ட். சாப்பிட உட்கார்ந்தால் 'டிங்'. கண்ணை மூடினால் 'டிங்'. "அந்த போனைத் தூரப் போடு மக்ளே"ன்னு அம்மா சொல்றது நியாயம்தான். ஆனா போட முடியாதே! அந்த 100 மெயிலில் 95 நமக்குச் சம்பந்தமில்லாதது. மீதி 5-ல் ஒன்று, இன்று மாலைக்குள் நாம் பதில் சொல்லியே ஆகவேண்டிய கிளையன்ட் மெயிலாகவோ, அப்ரைசல் ஃபார்முக்குக் கடைசித் தேதி சொல்லும் ஹெச்.ஆர் மெயிலாகவோ இருக்கும். அதைத் தவறவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்தப் பதற்றம் வெறும் மனப்பிரமை இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 124 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு வாரம் ஒரு நாளைக்கு 3 முறை மட்டுமே மெயில் பார்க்க வேண்டும்; இன்னொரு வாரம் இஷ்டம்போல எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். 3 முறை மட்டும் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஆனால், அப்படிக் கட்டுப்பாடாக இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இல்லை.

நமக்கும் அப்படித்தானே? 'முக்கியமான மெயில் ஏதாவது வந்திருந்தா?' என்ற பயம்தான் கையை மறுபடி மறுபடி போனுக்கு இழுக்கிறது. அந்த பயத்தைப் போக்க மனஉறுதி மட்டும் போதாது. முக்கியமானது வந்தால் தனியாகத் தெரியும் என்கிற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் தருவதுதான் மெயில் ரூல்ஸ். ஜிமெயிலிலும் ஸோஹோ மெயிலிலும் இதற்குப் பெயர் ஃபில்டர். அவுட்லுக்கில் ரூல். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

வயலில் இல்லை, மடையில்!

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி. பேச்சிப்பாறை அணையில் திறக்கிற தண்ணீரை வயலில் நின்றுகொண்டு யாராவது வாளியால் தடுப்பார்களா? கால்வாயில் ஷட்டர், குளத்தில் மடை என்று வழியிலேயே பிரித்துவிடுவோம். எந்த ஏலாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது வயலுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

மெயிலும் அப்படித்தான். யாரோ அனுப்பும் மெயில் நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. முதலில் உங்கள் கம்பெனி பயன்படுத்தும் மெயில் சர்வருக்கு வருகிறது. அங்கிருந்துதான் போன், லேப்டாப், டேப் என எல்லாவற்றிலும் அது தெரிகிறது. போனில் சவுண்டை ஆஃப் செய்வது வயலில் நின்று வாளி பிடிக்கிற வேலை. சத்தம் நிற்கும், குவியல் அப்படியே இருக்கும். லேப்டாப்பைத் திறந்தால் அதே வெள்ளம்தான்.

சர்வரில் ரூல் போடுவதுதான் மடையில் பலகை வைப்பது. உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தாலும், லேப்டாப் மூடியிருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். இது ஒன்றும் புது விஷயமும் இல்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர் காலத்திலேயே, 1990-களில், 'ப்ராக்மெயில்' என்ற புரோகிராம் இந்த வேலையைச் செய்தது. 2001-ல் 'சீவ்' என்று இதற்கென்றே ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். சீவ் என்றால் சல்லடை. பொருத்தமான பெயர்தானே!

ஒரு விஷயம் மட்டும் கவனம். கம்ப்யூட்டரில் நிறுவியிருக்கும் பழைய அவுட்லுக்கில் சில ரூல்ஸ், அந்த அவுட்லுக் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். 'க்ளையன்ட் ஒன்லி' என்று பக்கத்தில் போட்டிருந்தால் அது அந்த வகை. அவுட்லுக்கை பிரவுசரில் திறந்து ரூல் போட்டால் அந்தப் பிரச்னை இல்லை.

போடும் முன் ஒரு கணக்கெடுப்பு

எடுத்தவுடனே ரூல் போட ஆரம்பிக்க வேண்டாம். கடைசி 3 நாள் மெயில்களை மட்டும் திறந்து, ஒரு பேப்பரில் 4 பிரிவாகக் கோடு போட்டு எண்ணுங்கள்.

* நான் ஏதாவது செய்யவேண்டியவை
* தெரிந்துகொண்டால் போதும் என்பவை
* மெஷின் அனுப்பியவை (டிக்கெட், பில்ட் ரிப்போர்ட், சர்வர் அலர்ட், லீவ் அப்ரூவல்)
* தேவையே இல்லாதவை

எண்ணி முடிக்கும்போது முதல் பிரிவு எவ்வளவு சின்னது என்று பார்த்து நீங்களே ஆச்சர்யப்படக்கூடும். தோவாளைச் சந்தையில் பிச்சியையும் அரளியையும் ஒரே கூடையில் கொட்டி யாரும் விலை பேசுவதில்லை. நம் இன்பாக்ஸில் மட்டும் எம்.டி அனுப்பியதும் கேன்டீன் மெனுவும் ஒரே வரிசையில் கிடக்கிறது.

ஒவ்வொரு ரூலுக்கும் 3 பகுதிகள்தான். 'இப்படி ஒரு மெயில் வந்தால்' என்கிற நிபந்தனை, 'இதைச் செய்' என்கிற வேலை, 'ஆனால் இதை விட்டுவிடு' என்கிற விதிவிலக்கு. பலரும் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். சரி, இனி ரூல்ஸுக்கு வருவோம்.

1. விஐபி ரூல்

முதலில் எதை ஒதுக்குவது என்று யோசிக்காதீர்கள். எதைக் காப்பாற்றுவது என்று யோசியுங்கள். உங்கள் மேனேஜர், டீம் லீட், முக்கியமான கிளையன்ட், ஹெச்.ஆர்... அதிகபட்சம் 8 முகவரிகள். இவர்களிடமிருந்து வந்தால் 'முக்கியம்' என்ற லேபிள், ஒரு ஸ்டார். ஜிமெயிலில் இதற்கு 'ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற வசதியும் உண்டு. அதை முழு முகவரிக்கு மட்டும் போடுங்கள். ஒரு பெயருக்கோ பொதுவான வார்த்தைக்கோ போட்டால், அதே பெயரில் வரும் மோசடி மெயிலும் ராஜநடை போட்டு உள்ளே வந்துவிடும்.

2. சிசி ரூல்

'டூ' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் உங்களிடம் பேசுகிறார்கள். 'சிசி'யில் இருந்தால் பெரும்பாலும் உங்கள் காதில் போட்டு வைக்கிறார்கள். எனவே, சிசியில் வருபவை 'பிறகு படிக்க' என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். அவுட்லுக்கில் 'நான் சிசி வரிசையில் இருக்கிறேன்' என்று ஒரு நிபந்தனையே இருக்கிறது. ஜிமெயிலில் 'ஹேஸ் தி வேர்ட்ஸ்' என்ற கட்டத்தில் சிசி, கோலன், மீ மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்தால் போதும். விதிவிலக்கு: விஐபி பட்டியலில் இருப்பவர்கள். சில மேனேஜர்கள் சிசியில் போட்டுவிட்டே "என்னப்பா, இன்னும் முடிக்கலியா?"ன்னு கேட்பாங்க!

3. மெஷின் ரூல்

டிக்கெட் சாஃப்ட்வேர், பில்ட் டூல், அட்டெண்டன்ஸ் சிஸ்டம் எல்லாம் எப்போதும் ஒரே முகவரியிலிருந்துதான் மெயில் அனுப்பும். ரூல் போட இதைவிட வசதி வேறு கிடையாது. அந்த முகவரிக்கு ஒரு லேபிள், 'இன்பாக்ஸில் காட்டாதே' என்று ஒரு டிக். விதிவிலக்காக, சப்ஜெக்டில் 'ஃபெயில்ட்', 'கிரிட்டிக்கல்' அல்லது உங்கள் பெயர் இருந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வரட்டும். பில்ட் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும் 40 மெயிலுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டுப்போனது என்று சொல்லும் ஒன்றுக்கு எழுந்தால் போதும்.

4. நியூஸ்லெட்டர் ரூல்

விளம்பரம், வெபினார் அழைப்பு, 'இந்த வாரச் செய்திகள்'... இவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற வார்த்தை இருக்கும். அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு ரூல் போடலாம். ஆனால் பேங்க், இன்ஷூரன்ஸ், வேலைவாய்ப்புத் தளங்கள் அனுப்பும் மெயில்களிலும் அதே வார்த்தை இருக்கும். இன்டர்வியூ அழைப்பு அந்தக் குவியலில் புதைந்துவிட்டால்? அதனால் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த ரூலை அப்படியே போட வேண்டாம். நியூஸ்லெட்டர் அனுப்பும் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

5. ரிப்ளை ஆல் ரூல்

"ஹேப்பி பர்த்டே" என்று ஒருவர் எல்லோருக்கும் அனுப்ப, 200 பேர் 'ரிப்ளை ஆல்' அடிக்க, "தயவுசெய்து ரிப்ளை ஆல் போடாதீங்க"ன்னு இன்னும் 50 பேர் ரிப்ளை ஆலிலேயே அட்வைஸ் பண்ண... எல்லா ஆபீஸிலும் நடக்கிற கூத்துதான். உலகத்துக்கே மெயில் சாஃப்ட்வேர் விற்கும் மைக்ரோசாஃப்ட்டும் இதற்குத் தப்பவில்லை. 1997 அக்டோபரில் சுமார் 13,000 ஊழியர்கள் இருந்த ஒரு மெயில் லிஸ்ட்டில் இப்படித் தொடங்கிய பதில் மழை, அவர்களின் மெயில் சர்வர்களையே திணற வைத்தது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையான என்.ஹெச்.எஸ்ஸில் ஒரு டெஸ்ட் மெயில் தவறுதலாக சுமார் 8.4 லட்சம் பேருக்குப் போய்விட்டது. பலர் ரிப்ளை ஆல் அடிக்க, ஒன்றேகால் மணி நேரத்தில் சுமார் 50 கோடி மெயில்கள்!

இந்த மாதிரி நேரத்தில் அந்த சப்ஜெக்டைக் குறிப்பிட்டு ஒரு தற்காலிக ரூல் போடுங்கள். ஜிமெயிலில் 'மியூட்', அவுட்லுக்கில் 'இக்னோர்' என்ற பட்டன்களும் உண்டு. அவுட்லுக்கின் இக்னோர், அந்த உரையாடலில் இனி வருவதையும் சேர்த்து டெலிட் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். அதனால், பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். புராஜெக்ட் மெயிலுக்கு வேண்டாம்.

6. டேக் ரூல்

இது தனியாகச் செய்கிற வேலை இல்லை, டீமாகச் செய்வது. "இனி சப்ஜெக்டின் முதலில் 'ஆக்‌ஷன்' அல்லது 'தகவலுக்கு'ன்னு ஒரு வார்த்தை போடுவோமா அண்ணா?"ன்னு டீம் லீடிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால், அந்த வார்த்தையை வைத்து ரூல் போட்டுவிடலாம். மற்ற 5 ரூல்களும் யூகத்தில் ஓடுபவை. இது ஒன்றுதான் அனுப்புபவரே முத்திரை குத்திக் கொடுப்பது.

எங்கே போய் செட் செய்வது?

ஜிமெயில்: போன் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க முடியாது. லேப்டாப் இல்லையென்றால் போன் பிரவுசரில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டுத் திறக்கலாம். மேலே உள்ள சர்ச் பாக்ஸின் வலது ஓரத்து ஐகானைத் தொட்டால் கட்டங்கள் வரும். அனுப்புபவர், சப்ஜெக்ட், வார்த்தைகளை நிரப்பி, 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று டிக் செய்யுங்கள். விதிவிலக்குகளை 'டஸ்ன்ட் ஹேவ்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே வந்த மெயில்களுக்கும் பொருந்த வேண்டுமானால் கடைசி டிக்கையும் போடலாம்.

அவுட்லுக்: பிரவுசரில் திறந்து செட்டிங்ஸ், மெயில், ரூல்ஸ். இங்கே வரிசை ரொம்ப முக்கியம். மேலே இருப்பது முதலில் ஓடும். விஐபி ரூலை உச்சியில் வைத்து, 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' டிக் செய்துவிட்டால், கீழே இருக்கும் ரூல்ஸ் அந்த மெயிலைத் தொடாது. ஜிமெயிலில் இந்த நிறுத்தம் கிடையாது. பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். அதனால் அங்கே விதிவிலக்கை ஒவ்வொரு ஃபில்டரிலும் தனியாக எழுத வேண்டும்.

ஸோஹோ மெயில்: நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் ஆபீஸ் வைத்திருக்கும் ஸோஹோவின் மெயிலைப் பல கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. இதிலும் செட்டிங்ஸுக்குள் 'ஃபில்டர்ஸ்' என்ற பகுதிதான்.

ரூல் போட்டாச்சா? இப்போது போனுக்கு வாருங்கள். ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் செட்டிங்ஸ், உங்கள் அக்கவுன்ட், 'மேனேஜ் லேபிள்ஸ்' போய், 'முக்கியம்' லேபிளுக்கு மட்டும் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்து, இன்பாக்ஸுக்கு ஆஃப் செய்யலாம். இனி 'டிங்' என்றால் அது நிஜமாகவே பார்க்க வேண்டிய மெயில். மற்ற நேரம் போன் கம்முனு கிடக்கும்.

டெலிட் மட்டும் வேண்டாம்!

ரூலுக்கு எந்த வேலை கொடுத்தாலும், 'டெலிட்' மட்டும் கொடுக்காதீர்கள். ஃபோல்டருக்கு மாற்றுவதே போதும். ஜிமெயிலில் டெலிட் ஆனது 30 நாளில் ட்ராஷிலிருந்தும் நிரந்தரமாகப் போய்விடும். அதேபோல, 'மீட்டிங்', 'அர்ஜென்ட்', 'பேமென்ட்' மாதிரி பொதுவான வார்த்தைகளை மட்டும் நம்பி ரூல் போட வேண்டாம். புது ரூல் போட்டதும் உங்கள் பர்சனல் அக்கவுன்ட்டிலிருந்து ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள். முதல் 2 வாரம், தினமும் மாலையில் எல்லா ஃபோல்டரையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மடை கட்டியவன் முதல் மழைக்கு வந்து பார்க்கத்தானே வேண்டும்!

ஒரேநாளில் 20 ரூல் போடுவதும் ஆபத்து. எது எதை விழுங்கியது என்று தெரியாது. வாரத்துக்கு 2 போதும்.

நீங்கள் போடாத ரூல் இருக்கிறதா?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. நம் வேலையைச் சுலபமாக்கும் இதே ரூல், மோசடிக்காரனின் கையிலும் ஒரு கருவி. போலி லிங்க் அனுப்பி உங்கள் பாஸ்வேர்டைத் திருடுபவன், உள்ளே வந்ததும் அடிக்கடி செய்கிற வேலை ஒரு ரூல் போடுவதுதான். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற வார்த்தை உள்ள மெயில்கள் எல்லாம் அவனுக்கு ஃபார்வேர்டு ஆகட்டும். கிளையன்ட்டின் பதில்கள் யாரும் திறந்தே பார்க்காத ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய் ஒளியட்டும் என்று. பிறகு உங்கள் பெயரிலேயே கிளையன்ட்டுக்கு வேறு பேங்க் அக்கவுன்ட் நம்பர் போகும். பணமும் போகும். உங்கள் இன்பாக்ஸில் ஒரு தடயமும் இருக்காது.

இதில் இன்னொரு சிக்கல். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் தானாக அழியாது. சர்வரில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை ரூல்ஸ் பட்டியலையும், ஃபார்வேர்டிங் செட்டிங்கையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ரூல் ஏதாவது தெரிந்தால்...

* ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உடனே கம்பெனி ஐ.டி டீமுக்குச் சொல்லுங்கள்.
* அவர்கள் சொல்படி ரூலை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள்.
* டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள்.
* பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

நீங்களாகவே ஆபீஸ் மெயிலைப் பர்சனல் ஜிமெயிலுக்கு ஃபார்வேர்டு செய்யும் ரூலும் வேண்டாம். "வீட்ல பாக்க வசதியா இருக்குமேன்னு போட்டேன் சார்" என்ற பதிலை கம்பெனி ஏற்றுக்கொள்ளாது. பல இடங்களில் அது விதிமீறல்; வேலைக்கே உலை வைக்கலாம்.

ரூல் செய்ய முடியாதது

ராத்திரி 11 மணிக்கு "உடனே பார்க்கவும்" என்று வரும் மெயிலை ரூல் ஒதுக்கி வைக்கும். ஆனால் அதை அனுப்பும் பழக்கத்தை மாற்றாது. பிரான்ஸில் 2017 ஜனவரியிலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் எம்.பி சுப்ரியா சுலே 2018-லும் 2025-லும் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆகவே, இப்போதைக்குப் பேச்சுவார்த்தைதான் வழி. "ராத்திரி 9 மணிக்கு மேல நான் மெயில் பாக்க மாட்டேன் மேடம். அவசரம்னா போன் பண்ணுங்க, எடுத்திடுவேன்" என்று ஒரு தடவை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். போன் பண்ணுகிற அளவுக்கு அவசரமான விஷயங்கள் கொஞ்சம்தான் என்பது இரண்டு பக்கமும் சீக்கிரமே புரியும். நீங்களும் ராத்திரியில் எழுதும் மெயிலை 'ஷெட்யூல் சென்ட்' போட்டுக் காலை 9 மணிக்குப் போகும்படி வையுங்கள். உங்களுக்கு கீழே வேலை செய்யும் தம்பி, தங்கச்சிக்கும் தூக்கம் வேணும்லா!

இன்றைக்கு 20 நிமிஷம் ஒதுக்கி, விஐபி ரூலையும் மெஷின் ரூலையும் மட்டும் போடுங்கள். அப்படியே, ரூல்ஸ் பட்டியலில் நீங்கள் போடாதது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சிசி ரூலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.